முட்டை வெள்ளைக்கரு சுவரில் என்ன செய்கிறது?

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கையை வைத்தால் வழுக்குகிறதே, சுண்ணாம்பில் முட்டை கலந்ததுதான் காரணமா, முட்டை அங்கே பசை வேலை பார்க்கிறதா என்று தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பசை என்பது பாதி பதில்தான். மீதிப் பாதியில்தான் சுவாரசியமே இருக்கிறது.

கடற்சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுட்டால் கரியமில வாயு போய்விடும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். ஆனால் அந்தக் கல் மறுபடி உருவாகும்போது என்ன அளவில், என்ன வடிவில் உருவாகிறது என்பதில் முட்டைக்குப் பங்கு உண்டு.

கால்சியம் கார்பனேட் தன் போக்கில் வளர்ந்தால் பெரும்பாலும் கால்சைட் படிகமாகும். சாய்ந்த பெட்டி போன்ற வடிவம். அதன் முகம் நமக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அணு அளவில் அது படிப்படியாக இருக்கும். ஒரு படியின் உயரம் சுமார் 0.3 நானோமீட்டர். கரைசலிலிருந்து வரும் அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள், அணுக்கூட்டங்கள்) அந்தப் படியின் ஓரத்தில் போய் உட்கார, கொத்தனார் செங்கல் வரிசையை நீட்டிக்கொண்டே போவதுபோல் படி முன்னால் நகரும்.

இங்கேதான் முட்டை வெள்ளைக்கருவில் இருப்பது போன்ற புரதம் நுழைகிறது. அது ஒரு பாலிமர், அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அவற்றில் அஸ்பார்ட்டிக் அமிலம் போன்றவற்றின் முனையில் எதிர்மின்சுமை இருக்கும், கால்சியத்துக்கோ நேர்மின்சுமை. சங்கிலி போய்ப் படியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் வரிசை நின்றுவிடும். இருபுறமும் படி வளைந்து வளைந்து முன்னேறப் பார்க்கும். ஒட்டியிருப்பவை நெருக்கமாக இருந்தால் அதுவும் முடியாது. எல்லாப் படிகளிலும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை என்பதுதான் அழகு. ஒட்டிய பக்கம் மெதுவாகும், ஒட்டாத பக்கம் ஓடும், படிகத்தின் உருவமே மாறிவிடும். அஸ்பார்ட்டிக் அமிலத்தில் இடது, வலது என்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வகை உண்டு. ஒன்றைக் கால்சைட் மேல் விட்டால் படிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றன, மற்றதை விட்டால் எதிர்ப்பக்கமாக. 2001இல், நுண்ணிய ஊசியால் பரப்பைத் தடவி அணு அளவு மேடுபள்ளத்தைக் காட்டும் அணுவிசை நுண்ணோக்கியில் இதைப் படமாகவே பிடித்தார்கள். இத்தனூண்டு மூலக்கூறு ஒரு கல்லுக்கு இடம் வலம் சொல்லித் தருகிறது! எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வடிவம் மட்டுமா, எந்த வகைப் படிகம் என்பதையே புரதம் தீர்மானிக்கும். சில சிப்பிகளின் வெளி அடுக்கு கால்சைட், முத்துப்போல் மின்னும் உள் அடுக்கு அரகோனைட். இரண்டும் அதே கால்சியம் கார்பனேட்தான், அணுக்களின் அடுக்குமுறை வேறு. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் புரதத்தைப் பிரித்து, கைட்டினும் (நண்டு ஓட்டிலும் இருக்கும் நார்ப்பொருள்) பட்டுப் புரதமும் சேர்ந்த தளத்தின் மேல் விட்டபோது, எந்த அடுக்கின் புரதமோ அந்த வகைப் படிகமே வளர்ந்ததை 1996இல் காட்டினார்கள்.

கோழிக்குள்ளும் இதே வேலைதான். ஐந்து கிராமுக்கு மேற்பட்ட கால்சைட்டை ஓர் இரவும் பகலுமாக ஓடாகக் கட்டுகிறது. வெள்ளைக்கருவிலுள்ள ஓவால்புமின், லைசோசைம் என்ற புரதங்கள் இரண்டும் அந்த ஓட்டிலும் இருக்கின்றன. சுவரில் கலக்கும்போது இவை படிகங்களைப் பெருக்க விடாமல் பொடிப்பொடியாக நெருக்கி நிறுத்த உதவுகின்றன. அப்புறம் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பரப்பின் மேடுபள்ளம் குறைந்து ஒளி சிதறாமல் திரும்புகிறது. அந்த மினுமினுப்பில் தேய்த்த கைக்கும் பாதிப் பங்கு உண்டு. முட்டையோடு சுண்ணாம்பில் சேர்க்கும் வெல்லம் புரதம்போல் பாலிமர் அல்ல. அது சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது, அவ்வளவுதான்.

இதை வைத்து "முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கொத்தனார்கள் கலந்து பார்த்து, கெட்டதை விட்டு, நல்லதை வைத்துக்கொண்டார்கள். அதுவே பெரிய விஷயம், மேலே சாயம் பூச வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். இன்று பங்களாவை ஹோட்டலாக்கக் கோடிகள் கொட்டுகிறவர்கள் அதில் ஒரு துளியை, உதிர்கிற பூச்சைச் சோதிக்க ஒதுக்கினால் என்ன?

சரி, வாசகியின் இரண்டாவது கேள்வி: இன்னும் பத்து முட்டை ஊற்றினால் இன்னும் பளபளக்குமா? பளபளக்காது. படிகத்தைத் தடுக்கிற பொருளை அளவுக்கு மீறிப் போட்டால் பூச்சு இறுகுவதே தள்ளிப்போகும், ஈரம் நின்றால் பூஞ்சையும் பிடிக்கும். புதுச் சுவருக்குப் பூசுவதாக இருந்தால், முதலில் ஒரு முழ இடத்தில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.