காசின் அடிவிளிம்பில் ஒளிந்திருக்கும் புள்ளி

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என்னுடைய கையடக்க கேமிங் கருவியில் 1.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், அதுவும் நாலு கோர். 1983இல் வந்த கன்சோலின் பிராசசர் வெறும் 1.79 மெகாஹெர்ட்ஸ். இத்தனை வேகம் இருந்தும் சில பழைய கேம்கள் பாதியில் உறைந்து நிற்கின்றன. சிலவற்றில் சத்தம் கொரகொரவென்று வருகிறது. எங்கே போகிறது அந்த வேகம் எல்லாம்?"

கணக்கு சரிதான். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 838 மடங்கு. ஆனால் பழைய கன்சோல் ஒன்றை மென்பொருளில் உருவாக்கும்போது நம்மைப் பாடாய்ப் படுத்துவது வேகம் அல்ல, நேரம். எது, எப்போது, எதற்கு முன் நடக்க வேண்டும் என்பதில் அந்தக் காலத்து கேம்கள் அவ்வளவு கறார்.

வாசகர் சொல்லும் கன்சோலையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1983இல் ஃபேமிகாம் என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1985இல் என்இஎஸ் என்ற பெயரிலும் வந்த நிண்டெண்டோவின் எட்டு பிட் கன்சோல் அது.

சுலபமான பகுதியை முதலில் முடித்துவிடலாம். ரோம் கோப்பு என்பது, கேமை ஏற்றக் கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற பெட்டிக்குள் இருந்த சிப்பில் பதிந்திருந்த எண்களின் நகல். அதில் 169, 5 என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால், அந்த பிராசசர் அதை "ஏ என்ற பதிவகத்தில் 5ஐ வை" என்று புரிந்துகொள்ளும். பதிவகம் என்பது சிப்புக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு இடம். உங்கள் கருவியின் பிராசசருக்கு இந்தப் பாஷை தெரியாது. அதனால் எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலாக நடிக்கும் மென்பொருள், ஒவ்வொரு எண்ணாக எடுத்து, இது என்ன கட்டளை என்று பார்த்து, அதே வேலையைத் தானே செய்கிறது. முறையான கட்டளைக் குறிகள் மொத்தம் 151. நினைவகம் 2 கிலோபைட். ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரமாக நடிக்க முடியும் என்பதை ஆலன் டியூரிங் 1936லேயே கணித வழியில் காட்டிவிட்டார். ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில், பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை இதே யோசனையை வைத்து ஓட்டினார்கள். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்தால் இந்தப் பகுதியைச் சில வாரங்களில் எழுதிவிடலாம். நானும் எழுதினேன்.

எழுதி, சூப்பர் மாரியோ பிரதர்ஸை ஏற்றினேன். தலைப்புத் திரை அழகாக வந்தது. அப்படியே நின்றது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைவில்லை. 151 கட்டளைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை. கேம் ஒரு சின்னச் சுழலுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஒன்று நடக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தது. எதற்காகக் காத்திருந்தது என்று கண்டுபிடித்த அந்த இரவை என்னால் மறக்க முடியாது. இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான்.

கன்சோலுக்குள் பிராசசர் தனி, படம் வரையும் சிப் தனி. பழைய டிவியில் ஓர் எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையைத் துடைத்துக்கொண்டு போகும். படச் சிப் அந்தக் கதிரோடு கூடவே ஓட வேண்டும். 256க்கு 240 என்றால் மொத்தம் 61,440 பிக்சல்கள். அத்தனையையும் சேமித்து வைக்க அந்த விலையில் நினைவகம் கிடையாது. ஆகவே கதிர் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளியின் நிறத்தை அந்தக் கணத்தில் கணக்குப் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடும். முழுப் படம் என்று ஒன்று அந்தக் கன்சோலுக்குள் எங்கேயும் இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் 'இப்போது இந்தப் புள்ளி' மட்டும்தான்.

இப்போது மாரியோ திரையை நினைத்துப் பாருங்கள். மேலே மதிப்பெண், காசு எண்ணிக்கை, மீதி நேரம். கீழே மலை, மேகம், செங்கல். மாரியோ ஓடினால் கீழே உள்ளவை நகர்கின்றன. மேலே உள்ள பட்டை அசையாமல் நிற்கிறது. பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் படச் சிப்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு நகர்வு மதிப்புதான். பின்னணியை எவ்வளவு தள்ளி வரைய வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் முழுத் திரைக்கும் அதுதான். பட்டைக்குத் தனியாக ஒன்று, உலகத்துக்குத் தனியாக ஒன்று என்ற ஏற்பாடே கிடையாது.

அப்புறம் எப்படிச் செய்தார்கள்? கதிர் பட்டையை வரையும்போது நகர்வு பூஜ்யம். பட்டை முடிந்ததும், அடுத்த வரி தொடங்குவதற்குள் பிராசசர் அந்த எண்ணை மாற்றிவிட வேண்டும். ஒரே ஃப்ரேமுக்குள், அதாவது திரையை ஒருமுறை முழுதாக வரைவதற்குள், பாதி வழியில். இதைச் செய்யக் கதிர் இப்போது எந்த வரியில் இருக்கிறது என்று பிராசசருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் வசதியும் கன்சோலில் இல்லை. முழுத் திரையும் வரைந்து முடிந்தால் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சின்ன வாசல் இருந்தது. படச் சிப் திரையில் 64 ஸ்பிரைட்டுகளை, அதாவது தனியாக நகரும் சிறு படங்களை, வைக்கும். அவற்றில் பூஜ்யமாவது ஸ்பிரைட்டுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. அதன் நிறமுள்ள ஒரு புள்ளி, பின்னணியின் நிறமுள்ள ஒரு புள்ளியோடு ஒரே இடத்தில் விழுந்தால், அந்தப் புள்ளியைக் கதிர் தொடும் அதே நேரத்தில் நிலைப் பதிவகத்தில் ஒரு பிட் 1 ஆகிவிடும்.

மாரியோவை எழுதியவர்கள் அந்தப் பூஜ்ய ஸ்பிரைட்டைக் கொண்டுபோய், மேல்பட்டையில் மின்னும் காசுப் படத்தின் அடிவிளிம்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். ஆட்டம் ஆடுகிறவர் கண்ணுக்கு அது ஒருபோதும் தெரியாது. கேம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நிலைப் பதிவகத்தை "ஆச்சா? ஆச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கும். கதிர் காசின் அடிவிளிம்பைத் தொட்டதும் பிட் 1 ஆகும். பட்டை முடியப்போகிறது என்று கேமுக்குப் புரிந்துவிடும். உடனே நகர்வை மாற்றினால் வரியின் நடுவில் படம் கிழியும். அதற்காக, வேறு ஒரு வேலையும் செய்யாமல் 20இலிருந்து பூஜ்யம் வரை எண்ணுகிறது. ஒரு எண்ணுக்குப் பிராசசரின் 5 கடிகாரத் துடிப்பு. மொத்தம் சுமார் 100. ஒரு வரியின் நீளம் 113 துடிப்பும் கொஞ்சமும். எண்ணி முடிக்கும்போது கதிர் வலது ஓரத்தைத் தாண்டி, அடுத்த வரிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் நகர்வு மாறுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும், விநாடிக்கு 60 முறை இதே காத்திருப்பு, இதே எண்ணல்.

என்னுடைய எமுலேட்டரோ ஒரு ஃப்ரேமுக்கான கட்டளைகளை எல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, கடைசியில் மொத்தமாகப் படத்தை வரைந்தது. கதிர் என்ற ஒன்றே அதில் இல்லை. காசின் அடிவிளிம்பை யாரும் தொடவில்லை. பிட் 1 ஆகவே இல்லை. கேம் விசுவாசமாகக் காத்துக்கொண்டே இருந்தது.

வாசகரின் வேகம் எங்கே போகிறது என்பதற்கு இங்கேதான் பதில். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பிராசசரையும் படச் சிப்பையும் கைகோத்து நடக்க வைக்க வேண்டும். பிராசசர் ஒரு துடிப்பு நகர்ந்தால் படச் சிப் மூன்று புள்ளி நகர வேண்டும். கதிர் திரைக்கு வெளியே போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 341 புள்ளிகள், ஒரு ஃப்ரேமுக்கு 262 வரிகள், விநாடிக்கு ஏறக்குறைய 53.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் எந்த ஸ்பிரைட், எந்த நிறம், மோதியதா, பதிவகம் மாறியதா என்று பார்க்க உங்கள் கருவி 100 கட்டளைகளைச் செலவிட்டால், அதுவே விநாடிக்கு 53.7 கோடி. 838 மடங்கு என்பது இப்போது அவ்வளவு தாராளமாகத் தெரியவில்லை, இல்லையா?

நாலு கோர் இருக்கிறதே என்றால், அது இங்கே பெரிதாக உதவாது. பிராசசரை ஒரு கோருக்கும் படச் சிப்பை இன்னொரு கோருக்கும் பிரித்துக் கொடுத்தால், விநாடிக்கு லட்சக்கணக்கான முறை "நீ எங்கே இருக்கிறாய்?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையைவிட விசாரிப்புக்கு அதிக நேரம் போய்விடும்.

புத்திசாலி எமுலேட்டர்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. முதலாளி கேட்கும்போது மட்டும் கணக்கை எழுதி முடிக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி, படச் சிப்பைப் பின்தங்க விட்டுவிடுகின்றன. பிராசசர் நிலைப் பதிவகத்தை எட்டிப் பார்க்கும்போதோ நகர்வை மாற்றும்போதோ மட்டும், அதுவரை பாக்கியிருந்த புள்ளிகளை ஒரே மூச்சில் வரைந்து முடிக்கின்றன. கேமுக்கு வித்தியாசம் தெரியாது. பேட்டரியும் மிச்சம்.

அடுத்த தலைமுறையான 16 பிட் கன்சோலில் இதெல்லாம் இன்னும் தீவிரம். ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல் என்ற கேமில், விமானத்தின் நிழலை வரையக் கதிர் ஒரு வரியின் நடுவில் இருக்கும்போதே திரையின் வெளிச்சத்தை மாற்றுவார்கள். வரி வரியாக வரையும் எமுலேட்டரில் அந்த நிழல் வராது; புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். ஒரே ஒரு நிழலுக்காகவா என்று கேட்கலாம். நியர் என்ற புனைபெயரில் எழுதிய நிரலாளர், ஆமாம், ஒரே ஒரு நிழலுக்காகத்தான் என்று சொல்பவர். பிஸ்னெஸ் (bsnes) என்ற எமுலேட்டருக்காகப் பல வருடங்களைக் கொடுத்தார். அந்தத் துல்லியத்துக்கு 3 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கணினி தேவைப்படுகிறது என்று 2011இல் விளக்கி எழுதினார். 2021இல் மறைந்துவிட்டார். எனக்கு அவர் மேல் அளவில்லாத மரியாதை.

சத்தம் கொரகொரப்பதும் நேரப் பிரச்சினைதான். அந்தக் கன்சோல் விநாடிக்கு 60 ஃப்ரேம் தரவில்லை, 60.0988 தந்தது. உங்கள் கருவியின் திரை 60. எமுலேட்டர் திரையோடு ஒட்டி ஓடினால் விநாடிக்குச் சுமார் 47,921 ஒலி மாதிரிகள்தான், அதாவது ஒலியின் துளி அளவீடுகள்தான், தயாராகும். ஸ்பீக்கருக்குத் தேவை 48,000. விநாடிக்கு 79 குறைகிறது. முன்கூட்டித் தயாரித்து வைத்த ஒலிச் சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காலியாகும் இடத்தில் அந்தச் சத்தம் வரும். இதற்கு மருந்து, ஒலியை மயிரிழை அளவு இழுத்து 79ஐ ஈடுகட்டுவது. சுருதி ஓர் அரைச்சுரத்தில் 35இல் ஒரு பங்கு இறங்கும். காது அதைக் கண்டுபிடிக்காது. நல்ல எமுலேட்டர்களில் இது ஓர் அமைப்பாகவே இருக்கிறது.

ஆகவே வாசகருக்கு என் பதில்: இன்னும் வேகமான கருவி வாங்காதீர்கள். உறைகிற கேமை மட்டும், துல்லியத்துக்கு முதலிடம் கொடுக்கும் வேறோர் எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். 'வேகமான சிப் வாங்கினால் எல்லாம் சரியாகும்' என்பது கார்ட்ரிட்ஜில் காற்றை ஊதினால் கேம் ஓடும் என்ற அந்தக் கால நம்பிக்கை போலத்தான். ஊதியதால் ஓடவில்லை, கழற்றித் திரும்பச் செருகியதால் உலோக முனைகள் புது இடத்தில் தொட்டன, அதனால் ஓடியது. மூச்சின் ஈரம் அந்த முனைகளை அரித்ததுதான் மிச்சம். ஆனாலும் நாடு நாடாக எல்லாக் குழந்தைகளும் ஊதினார்கள். பலன் கிடைத்ததும் காரணத்தைக் கையில் இருப்பதோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிற பழக்கம் பெரியவர்களுக்கும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. ஆய்வாளர்கள் அவற்றை நூலகங்கள் வழியே தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதி கேட்டபோது, 2024இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இது தவறு என்று நினைக்கிறேன். பழைய சிப்புகளின் மூடியை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டராக வரைபடம் போட்டவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பழைய ஓவியத்தைச் செப்பனிட அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது, ஒதுக்க வேண்டியதுதான். 1983இன் சிப் எப்படி வேலை செய்தது என்ற அறிவும் அதே அளவு அழியக்கூடியது. அதற்கும் பொதுப்பணம் வேண்டும்.

என் எமுலேட்டர் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சோதனை செய்தேன். மாரியோ முதல் குழாயைத் தாண்டிக் குதிக்கும்போது, பூஜ்ய ஸ்பிரைட்டை நினைவகத்தில் பிடித்துத் திரைக்கு வெளியே தள்ளினேன். மாரியோ அந்தரத்தில் நின்றார். மீதி நேரமும் நின்றது. ஒரு தேநீர் குடித்து வரும்வரை அப்படியே விட்டுவைத்தேன். திரும்பி வந்து, ஸ்பிரைட்டைக் காசின் அடிவிளிம்புக்குப் பின்னால் மறுபடி வைத்தேன். அடுத்த ஃப்ரேமிலேயே, குதித்த குதியை முடித்துத் தரையில் இறங்கி, ஓட ஆரம்பித்தார்.