சேகரிப்பு நாணயங்களை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்புவது: விதி என்ன, செலவை எங்கே குறைக்கலாம்

கையில் இரட்டிப்பாக இருக்கும் நாலைந்து நாணயங்களை வேறொரு நாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்பி, நம்மிடம் இல்லாததை அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதில் கிடைக்கும் சந்தோஷம் தனி. ஆனால் நாணயத்தின் விலையை விடத் தபால் செலவு கூடிவிடுகிறது. அதனால் பலரும் அவற்றை ஒரு சாதாரண உறைக்குள் வைத்து, ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பாதிப் பேர் அப்படி அனுப்புவது தடை செய்யப்பட்ட முறை என்று தெரியாமலேயே செய்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் பிரச்சினையில்லை. சேராவிட்டால் எந்தக் கவுன்டரிலும் போய்க் கேட்க முடியாது, ஏனென்றால் அனுப்பியதே விதிக்குப் புறம்பு.

வெளிநாட்டுத் தபாலுக்கு அடிப்படை விதிகளை வகுப்பது உலகத் தபால் ஒன்றியம். 1874-இல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், உறுப்பு நாடுகள் 192. இந்த நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் நாணயத்தைப் பற்றி நேரடியாகவே சொல்லியிருக்கிறது. நாணயம், பணத்தாள், தங்கம், வெள்ளி, பிளாட்டினம், நகை, விலையுயர்ந்த கற்கள் ஆகியவற்றை இன்ஷூர் செய்யாத கடிதத் தபாலில் வைக்கக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: அனுப்பும் நாட்டின் சட்டமும் போய்ச் சேரும் நாட்டின் சட்டமும், இரண்டுமே அனுமதித்தால், மூடிய உறையில் பதிவுத் தபாலாக அனுப்பலாம். குறைந்த பட்ஜெட்டில் அனுப்ப நினைப்பவருக்கு இந்த விலக்குதான் எல்லாமே.

இதில் 'இரண்டுமே' என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஊர்த் தபால் கவுன்டரில் வாங்கிக்கொண்டார்கள் என்பதால் அங்கேயும் சரி என்று ஆகிவிடாது. கவுன்டரில் இருப்பவர் எல்லா நாடுகளின் தடைப் பட்டியலையும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது, அவர் ரசீது போட்டுக் கொடுத்ததை வைத்து இறக்குமதி அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பெரும்பாலான தபால் துறைகள் தங்கள் இணையதளத்தில் நாடுவாரியாகத் தடைப் பட்டியல் வைத்திருக்கின்றன, உலகத் தபால் ஒன்றியமும் உறுப்பு நாடுகளிடமிருந்து வாங்கித் தொகுத்து வெளியிடுகிறது. ஸ்டாம்ப் கட்டணம் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நாட்டின் பெயரைத் தேடி, நாணயம் என்ற சொல் எந்த வரியில் வருகிறது, அதே வரியில் பதிவுத் தபாலுக்கோ இன்ஷூரன்ஸ் தபாலுக்கோ விலக்கு சொல்லியிருக்கிறதா என்று முழுசாகப் படியுங்கள். சில நாடுகள் சேகரிப்புக்கோ அலங்காரத்துக்கோ உரிய நாணயத்தைத் தனியாகப் பிரித்து அனுமதிக்கின்றன, சில நாடுகள் நாணயம் என்றாலே மொத்தமாக மறுத்துவிடுகின்றன.

'இது செல்லாத காசு, வெறும் உலோகம்தானே' என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள். உடன்படிக்கையில் நாணயம் என்று பொதுவாகத்தான் இருக்கிறது, புழக்கத்தில் இருப்பது, செல்லாமல் போனது என்ற பிரிவு அங்கே கிடையாது. அந்தப் பிரிவு சுங்கத்துக்குத்தான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இரண்டு நாடும் அனுமதிக்கின்றன என்று தெரிந்துவிட்டது. இப்போது எந்தச் சேவை? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிராக்கிங் எண் இருந்தாலே பதிவுத் தபால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. பல நாடுகளில் டிராக்கிங் மட்டும் உள்ள மலிவான சேவை ஒன்றும், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவுத் தபால் ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. விதியில் உள்ள விலக்கு பதிவுத் தபாலுக்கு மட்டும்தான். பார்கோடைப் பார்த்தே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம்: சர்வதேசத் தபால் எண் மொத்தம் 13 எழுத்து, முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம் (அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக), முடிவில் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்துக் குறி. முதல் எழுத்து 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'வி' என்றால் இன்ஷூர் செய்தது, 'எல்' என்றால் டிராக்கிங் மட்டும், 'யு' என்றால் அதுவும் இல்லாத சாதாரணப் பொட்டலம். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் ரசீதில் இந்த எழுத்தைப் பாருங்கள். 'எல்' என்று இருந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், ஒருதடவை பைக்குள் போய்விட்டால் மாற்ற முடியாது.

பதிவுத் தபால் தொலைந்தால் கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு எஸ்டிஆர் என்ற கணக்கில் இருக்கும், சர்வதேச நிதியம் டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் சேர்த்து மதிப்பிடும் கணக்குப் பணம் அது. பதிவுத் தபாலுக்கு 30 எஸ்டிஆர், அதாவது சுமாராக 40 அமெரிக்க டாலர். கூடவே நீங்கள் கட்டிய தபால் கட்டணமும் திரும்ப வரும், பதிவுக் கட்டணம் மட்டும் வராது. அப்படியானால் 10, 15 டாலர் மதிப்புள்ள புழக்க நாணயங்களுக்குப் பதிவுத் தபாலே தாராளம். அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மதிப்பு கூடினால் இன்ஷூர்டு தபால். இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. பொருளின் உண்மை மதிப்பை விடக் கூடுதலாக இன்ஷூர் செய்ய விதி அனுமதிப்பதில்லை, ஆனால் மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் இன்ஷூர் செய்யலாம். 200 டாலர் நாணயத்துக்கு 120 டாலர் வரை போட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வது முழுக்க முழுக்கச் சட்டப்படியான வழி, மீதி 80 டாலர் ஆபத்தை நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும். ஆனால் சுங்கப் படிவத்தில் 200 என்றுதான் எழுத வேண்டும். இன்ஷூர் தொகை வேறு, சுங்கத்துக்குச் சொல்லும் மதிப்பு வேறு. இரண்டையும் குழப்பி 'குறைத்து எழுதினால் வரி மிச்சம்' என்று ஆரம்பித்தால், பொருள் தொலைந்த அன்று நீங்களே கையெழுத்துப் போட்ட அந்தச் சின்ன எண் உங்களுக்கு எதிராக நிற்கும். வாங்குபவர் கேட்டுக்கொண்டாலும் மறுத்துவிடுங்கள், கையெழுத்து உங்களுடையது.

அந்தப் படிவத்தின் பெயர் சிஎன்22. மதிப்பு 300 எஸ்டிஆர் வரை (சுமார் 400 டாலர்) இது போதும், அதற்கு மேல் போனால் கொஞ்சம் நீளமான சிஎன்23. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, அல்லது போய்ச் சேரும் நாடு ஏற்றுக்கொள்ளும் மொழியிலோ எழுதலாம். 'பரிசு', 'உலோகப் பொருள்', 'மாதிரி' என்று மொட்டையாக எழுதினால் உறையைத் திறந்துதான் பார்ப்பார்கள். 'சேகரிப்பு நாணயங்கள், 6 எண்ணம், செம்பு-நிக்கல், புழக்கத்தில் இல்லாதவை' என்ற மாதிரி எழுதினால் அதிகாரிக்குக் கேள்வி குறையும். பணத்துக்கு வாங்கினவருக்கு அனுப்பினால் 'பரிசு' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் கூடாது, அது விற்பனைதான். நாணயத்துக்கு நாணயம் மாற்றிக்கொள்வதும் கைம்மாறு எதிர்பார்க்காத பரிசு ஆகாது, 'மற்றவை' என்று குறித்து 'பரிமாற்றம்' என்று எழுதுவது நேர்மையான வழி.

பொருள் வகைக் குறியீடு கேட்டால் இரண்டு தலைப்புகளை நினைவில் வையுங்கள். சாதாரண நாணயம் 7118-இன் கீழ் வரும். நாணயவியல் மதிப்புள்ள சேகரிப்புப் பொருளுக்கு 9705, அதில் 100 வருஷத்துக்கு மேற்பட்டதற்கு 9705.31, மற்றதற்கு 9705.39. பல நாடுகளில் இரண்டுக்கும் வரி ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் எது பொருந்தும் என்று வாங்குபவரையே அவர் நாட்டுச் சுங்கத்தில் கேட்டுச் சொல்லச் சொன்னால் நல்லது. இந்த விவரங்களைக் கையால் எழுதினால் மட்டும் இப்போது போதாது, கணினியில் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது 2021 முதல் பொருள் உள்ள தபாலுக்கெல்லாம் வந்துவிட்டது. அதனால் வீட்டிலேயே ஆன்லைனில் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனால் கவுன்டரில் அவசரத்தில் தப்பாகத் தட்டச்சாவது குறையும்.

பழைய மலிவு வழி ஒன்றும் அடைபட்டுவிட்டது. முன்பு மெல்லிய உறைக்குள் இரண்டு நாணயத்தை வைத்துக் கடிதக் கட்டணத்தில் அனுப்புவார்கள். 2018-லிருந்து ஆவணம் வேறு, பொருள் வேறு என்று சர்வதேசத் தபாலில் பிரித்துவிட்டார்கள், பல நாடுகளில் உறை எவ்வளவு மெல்லிதாக இருந்தாலும் உள்ளே பொருள் இருந்தால் சிறு பொட்டலக் கட்டணம்தான். அதன் எடை வரம்பு 2 கிலோ, நமக்கு அவ்வளவு தேவைப்படப் போவதில்லை. அச்சுப் பொருள் கட்டணத்தில் புத்தகத்துக்குள் நாணயத்தைச் செருகி அனுப்புவது பற்றி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி செலவைக் குறைப்பது எடையில்தான். 1 யூரோ நாணயம் 7.5 கிராம், 2 யூரோ 8.5 கிராம், அமெரிக்கக் குவார்ட்டர் (25 சென்ட்) 5.67 கிராம், அமெரிக்காவின் பழைய மார்கன் வெள்ளி டாலர் 26.73 கிராம். 50 கிராமில் கட்டணப் படி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆறு 1 யூரோ நாணயம் போட்டாலே 45 கிராம் ஆகிவிடும், அட்டையும் உறையும் சேர்ந்து 50-ஐத் தாண்டிவிடும். தாண்டிவிட்டதென்றால் அடுத்த படி வரைக்கும் நாணயங்களைச் சேர்ப்பதே லாபம், ஏனென்றால் பதிவுக் கட்டணம் ஒரு நாணயத்துக்கும் ஒன்றுதான், பத்து நாணயத்துக்கும் ஒன்றுதான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதை விட, மாற்றிக்கொள்ள வேண்டியவற்றை இரண்டு பேரும் பட்டியல் போட்டுச் சேர்த்துவைத்து ஒரே பொட்டலமாக அனுப்புவதுதான் பணத்தை உண்மையில் மிச்சப்படுத்துகிறது. வீட்டில் ஒரு சின்ன மின்தராசு இருந்தால் கட்டிய பொட்டலத்தையே எடை போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

கட்டும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாணயம் காணாமல் போவதில் ஒரு பங்கு திருட்டே இல்லை, உறை கிழிந்து விழுவதுதான். எடையான ஒரு வட்டம் உறைக்குள் தளர்வாக ஓடினால், உருளைகள் உள்ள இயந்திரத்தில் உறை நிற்கும்போது நாணயம் மட்டும் வேகத்தோடு முன்னால் போய் ஓரத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் நாணயம் துளியும் அசையக் கூடாது. மைலார் (மெல்லிய தெளிவான பிளாஸ்டிக்) சாளரம் உள்ள சதுர அட்டை மடிப்பில் ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியாக வையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த பிறகு அதன் காலைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நாணயத்தைக் கீறும். மென்மையான பிவிசி உறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலிருந்து கசியும் பொருள் நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பை உண்டாக்கும், வழியில் சூட்டில் கிடந்தால் இன்னும் மோசம். அட்டை மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு கெட்டி அட்டைத் துண்டின்மேல் பக்கம் பக்கமாகப் பரப்பி, மடிப்பின் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி, மேலே இன்னொரு அட்டை வைத்து நாலு பக்கமும் ஒட்டிவிடுங்கள். அப்புறம் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கிணுகிணு என்று கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். வெளி உறை குமிழி உள்ளதாக இருந்தால் நல்லது, எடையும் அதிகமாகாது. வெளிப்புறத்தில் நாணயம் படம், சங்கத்தின் முத்திரை எதுவும் வேண்டாம், சுங்கப் படிவத்தில் இருப்பதே போதும். முகவரித் துண்டு ஒன்றை உள்ளேயும் வையுங்கள், வெளி லேபிள் உரிந்தாலும் பொட்டலத்துக்கு வழி தெரியும்.

தனியார் கூரியரில் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பல கூரியர் நிறுவனங்களின் நிபந்தனையிலேயே பணமும் நாணயமும் ஏற்பதில்லை என்று இருக்கும், ஏற்றாலும் கட்டணம் இந்த பட்ஜெட்டுக்குள் அடங்காது.

பழைய நாணயம் என்றால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை பண்பாட்டுச் சொத்துகளைப் பட்டியலிடும்போது 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு உதாரணமாகக் கல்வெட்டையும் முத்திரையையும் சொல்லும் அதே வரியில் நாணயத்தையும் சொல்கிறது. இதன் அடிப்படையில் பல நாடுகள் ஏற்றுமதி அனுமதி கேட்கின்றன, சில நாடுகளில் அனுமதியே கிடைக்காது. விலை சின்னது என்பது பல நாடுகளில் எடுபடாது, ஆண்டுதான் கணக்கு. ஆகவே நாணயத்தில் 100 வருஷம் தாண்டிய ஆண்டு இருந்தால், அல்லது ஆண்டே இல்லாத பழங்கால நாணயம் என்றால், அனுப்பும் நாட்டின் தொல்பொருள் சட்டத்தைப் பார்க்காமல் உறையைத் தொடாதீர்கள். இதில் பறிமுதல் மட்டுமில்லை, வழக்கும் வரலாம்.

வரி யார் கட்டுவது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். சின்ன மதிப்புக்கு வரியில்லை என்ற பழைய நினைப்பு இப்போது பல இடங்களில் செல்லாது: ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது, அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தது. வரியோடு சேர்த்துத் தபால் துறை கையாளும் கட்டணமும் வாங்கலாம், அது நாணயத்தின் விலையை விடக் கூடப் போனால் வாங்குபவர் மறுத்துவிடுவார், பொட்டலம் உங்களிடமே திரும்பும். திரும்பும் செலவைப் பற்றியும் முதலிலேயே கேட்டுவையுங்கள்.

அந்த நாடு நாணயத்தை அடியோடு தடை செய்திருந்தால் தபாலில் அனுப்பாதீர்கள். பறிமுதல் ஆனால் நஷ்டஈடு கிடையாது என்று விதியே சொல்கிறது. அங்கே போகிற நண்பர் கையில், சுங்க விதிக்கு உட்பட்டு, கொடுத்தனுப்பலாம், அல்லது வேறு நாட்டில் மாற்றிக்கொள்ள ஆள் தேடலாம்.

ஒழுங்காக அனுப்பியும் போய்ச் சேரவில்லை என்றால் புகார் கொடுக்க அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதம் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் தபால் துறைக்குப் பொறுப்பில்லை. 'இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று வாங்குபவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், ஆனாலும் நீங்கள் புகாரைப் பதிந்துவிடுங்கள், பொருள் வந்துவிட்டால் முடித்துக்கொள்ளலாம். கையில் ரசீது, சிஎன்22 நகல், கட்டுவதற்கு முன் எடுத்த நாணயங்களின் படம், அவற்றின் மதிப்புக்கு ஒரு ஆதாரம் இருக்க வேண்டும். உறை கிழிந்தோ எடை குறைந்தோ வந்தால் வாங்குபவர் கையெழுத்துப் போடும்போதே அதைச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும், உறையையும் உள்ளே இருந்த அட்டையையும் தூக்கிப் போடாமல் விசாரணை முடியும் வரை வைத்திருக்க வேண்டும்.