வெஸ்ட் கென்னட் கற்காலக் கல்லறை: பாதுகாப்புச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதற்கு அனுமதி வேண்டும்?

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ஏவ்பரிக்கு அருகே ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வெஸ்ட் கென்னட் நெடுமேடு, கி.மு. 3650-ஐ ஒட்டி புதிய கற்கால உழவர்கள் தங்கள் இறந்தோருக்காக எழுப்பிய பெருங்கல் கல்லறையாகும். இதன் கிழக்கு முனையில் மட்டும் ஐந்து கல்லறைக் கூடங்கள் உள்ளன. 1859-இல் ஜான் தர்னம் அகழ்ந்தபோது கடைக்கோடிக் கூடம் மட்டுமே வெளிப்பட்டது. பக்கவாட்டில் இருந்த நான்கும் அவர் கண்ணில் படவில்லை. 1955–56-இல் ஸ்டூவர்ட் பிகாட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் அவற்றைக் கலையாத நிலையில் திறந்தனர். அங்கே கிடைத்த எலும்புகளைப் பிற்காலத்தில் வயதைக் கண்டறியும் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, பல நூற்றாண்டுகளாக நடந்தவை என்று கருதப்பட்ட தொடக்க அடக்கங்கள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முடிந்துவிட்டன என்று 2007-இல் தெரியவந்தது. தொடாமல் விட்ட மண்ணுக்கு இத்தனை மதிப்பு உண்டு என்பதே தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

1882-இல் பிரிட்டன் இயற்றிய முதல் தொல்சின்னச் சட்டத்தில், பாதுகாக்க வேண்டிய சின்னங்களின் அட்டவணையிலேயே இம்மேடு இடம்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ளது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, அட்டவணையில் சேர்க்கப்பட்ட சின்னத்தை இடிப்பது, சேதப்படுத்துவது, அதன் பகுதியை அகற்றுவது, அதில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, அந்நிலத்தில் நீரைத் தேக்குவது, மண்ணையோ கழிவையோ கொட்டுவது ஆகிய எதற்கும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். பழுதுபார்ப்பதும் இதில் அடங்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. நல்லெண்ணத்தோடு சாய்ந்த கல்லை நிமிர்த்தினாலும், அதன் அடியில் இருக்கும் சான்று கலைந்துவிடும்.

நிலத்தின் உரிமையாளருக்கும் இவ்விதி பொருந்தும். விண்ணப்பத்தை, தொல்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு நிறுவனத்திடம் அளிக்க வேண்டும், பண்பாட்டுத் துறை அமைச்சரின் பெயரில் முடிவு வழங்கப்படும், கட்டணம் இல்லை. அனுமதி கிடைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் பணியைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். கட்டடத் திட்ட அனுமதி வேறு, இது வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அனுமதியின்றிப் பணி செய்வது குற்றம். பாதுகாக்கப்பட்டது என்று தெரிந்தே வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ சேதப்படுத்தினால், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தவும் தனி அனுமதி தேவை.

அட்டவணையில் சேர்ப்பதால் நில உரிமை அரசுக்கு மாறுவதில்லை. பொதுமக்களுக்கு நுழையும் உரிமையும் தானாக வருவதில்லை. வெஸ்ட் கென்னட் அரசுப் பராமரிப்பில் இருந்து இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் சார்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பால் நிர்வகிக்கப்படுவதால்தான் கட்டணமின்றிச் சென்று பார்க்க முடிகிறது. உள்ளே செல்வோர் கற்களின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. வெப்பமும் கரியும் கல்லைக் கெடுக்கும். யாரேனும் தோண்டுவதைக் கண்ணெதிரே கண்டால் 999 என்ற எண்ணிலும், பின்னர் சேதத்தை மட்டும் கண்டால் 101 என்ற எண்ணிலும் காவல்துறைக்குத் தெரிவிக்கலாம்.