டியர்டிராப் டிரெய்லர் ஏன் வாலாட்டுது? பின்பாரம், வேகம், டயர் காத்து

கொலராடோவுல இருக்கற ஒரு வாசகர் கேட்டிருந்தார். கராஜ்ல சொந்தமா ஆஃப்ரோடு டியர்டிராப் டிரெய்லர் கட்டிட்டிருக்காராம், தண்ணி டேங்க், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாத்தையும் பின்னாடி கிச்சன் பக்கமே வச்சா கைக்கு வசதி, ஆனா ஏற்கெனவே கட்டினவங்க யாரைக் கேட்டாலும் முன்னாடி கொண்டு போன்னு சொல்றாங்களாம், ஏன்னு காரணம் மட்டும் யாரும் சொல்லல. ரொம்ப நல்ல கேள்வி.

டியர்டிராப்னா முன்னாடி வளைஞ்சு பின்னாடி சரிஞ்சு இறங்கற, கண்ணீர்த்துளி ஷேப்ல இருக்கற குட்டி டிரெய்லர். அமெரிக்காவுல 1930கள்லயே ஆரம்பிச்ச விஷயம், போருக்கு அப்புறம் பத்திரிகைகள்ல பிளான் வர வர ஆளாளுக்கு வீட்டுலயே கட்ட ஆரம்பிச்சாங்க. பிளைவுட் ஷீட் 4 அடிக்கு 8 அடி, அதனால பெட்டியும் பெரும்பாலும் அந்த அளவுதான், உள்ள ரெண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினா கிச்சன். ஆஃப்ரோடுனா, அதாவது ரோடு இல்லாத இடத்துலயும் போறதுன்னா, இதுக்கே பெரிய டயர், தரையிலருந்து நல்ல உயரம், ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கற சஸ்பென்ஷன், எந்தப் பக்கமும் திரும்பிக் கொடுக்கற ஹிட்ச், அதாவது டிரெய்லரைக் காரோட பின்னாடி மாட்டற இணைப்பு. இதெல்லாம் செலவு பண்ணினா கிடைச்சிடும். எடையை எங்க வைக்கறதுங்கறதுதான் காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம்.

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்துக் கயிறு இறுகும், அதனால கொஞ்சம் முன்பாரமா ஏத்துவாங்க. டிரெய்லர்லயும் அதே நெம்புகோல் கணக்குதான். மொத்தம் 600 கிலோ, ஹிட்ச்ல இருந்து ஆக்ஸில் வரைக்கும் 2.7 மீட்டர், எடை மையம் ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் முன்னாடின்னு வச்சுக்குங்க, ஹிட்ச் மேல ஏறற பாரம் 67 கிலோ, அதாவது 11 சதவீதம். இதைத்தான் டங் வெயிட்னு சொல்றாங்க. 40 லிட்டர் தண்ணி டேங்கை ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னாடி வச்சா இதுல 15 கிலோ குறையும், ஒரு மீட்டர் முன்னாடி வச்சா 15 கிலோ கூடும். ஒரே ஒரு டேங்க், 30 கிலோ வித்தியாசம்!

ஆனா மாட்டு வண்டி 100 கிலோமீட்டர் வேகத்துல போகாது. வேகம் வந்ததும் இன்னொரு விஷயம் உள்ள வருது, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்சது அதுதான்.

டயர் பாத்துட்டிருக்கற திசையும் அது நிஜமா நகர்ற திசையும் ஒண்ணா இருந்தா பக்கவாட்டு விசை எதுவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு டிகிரி விலகல் வந்தாலே போதும், ரோட்டைத் தொட்டுட்டிருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டு பக்கவாட்டுல தள்ள ஆரம்பிக்கும். இப்ப ஒரு காத்து அடிச்சோ லாரி கடந்து போயோ டிரெய்லர் லேசா திரும்பிடுச்சுன்னா டயர் அதை மறுபடி நேருக்குக் கொண்டு வரத் தள்ளும், இது ஸ்பிரிங் வேலை, வேகம் கூடினாலும் இது குறையறதில்ல. நேருக்கு வந்ததும் நிக்குமான்னா நிக்காது, ஊசல் மாதிரி அந்தப் பக்கம் தாண்டிடும். அதை அடக்க ஒரு பிரேக் வேணும், அந்த பிரேக்கையும் இதே டயர்தான் கொடுக்குது. எப்படின்னா, டிரெய்லர் வால் பக்கவாட்டுல வீசும்போது டயரும் பக்கவாட்டுல நகருது இல்லையா, அந்த நகர்வாலயே தனியா ஒரு விலகல் கோணம் வரும், அதோட விசை வீசற திசைக்கு எதிரா இருக்கும்.

இங்கதான் விஷயமே இருக்கு. அந்தக் கோணம் எவ்ளோங்கறது பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால வகுத்தா வரும். வால் நொடிக்கு அரை மீட்டர் வீசுதுன்னு வைங்க, வண்டி 36 கிலோமீட்டர் வேகத்துல, அதாவது நொடிக்கு 10 மீட்டர் போனா கோணம் கிட்டத்தட்ட 3 டிகிரி. அதே வீச்சு 108 கிலோமீட்டர் வேகத்துல வந்தா ஒரே ஒரு டிகிரி. டிரெய்லரும் அதேதான் டயரும் அதேதான், ஆனா ஆட்டத்தை அடக்கற பிரேக் மூணுல ஒரு பங்காயிடுச்சு. ஸ்பிரிங் அப்படியே இருக்கு பிரேக் மட்டும் தேயுது, அதனாலதான் 60ல சாதுவா வந்த டிரெய்லர் 100ல பாம்பு மாதிரி நெளியுது.

தேயறதோட நின்னா பரவால்ல, ஆட்டம் மெதுவாவாச்சும் அடங்கும். ஆனா ஹிட்ச் சுவத்துல அடிச்ச ஆணி இல்ல, காரோட பின்பக்கத்துல மாட்டியிருக்கு, காரும் டயர் மேலதான் நிக்குது. பின்பாரமான டிரெய்லர் வால் ஒரு பக்கம் வீசும்போது மூக்கு காரோட பின்பக்கத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும், கார் லேசா திரும்பும், அந்தத் திருப்பம் அடுத்த வீச்சுக்குத் தள்ளு கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல ஒவ்வொரு வீச்சுலயும் உள்ள வர்ற சக்தி பிரேக் எடுக்கற சக்தியை விட அதிகமாயிடும், ஆட்டம் தானா பெருசாகிட்டே போகும். சக்தி எங்கிருந்து வருதுன்னா வண்டி முன்னாடி ஓடற வேகத்துல இருந்தேதான்! முன்பாரம் வைக்கறது இந்த ஆபத்தான வேகத்தை நாம ஓட்டற வேகத்துக்கு மேல தள்ளி வைக்கறதுக்குத்தான். டங், அதாவது பெட்டியில இருந்து ஹிட்ச் வரைக்கும் முன்னாடி நீட்டிட்டிருக்கற கம்பி, அதை நீளமா வச்சாலும் நல்லது, ஏன்னா அடக்கற விசை நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும்.

அமெரிக்காவுல டங் வெயிட் 10ல இருந்து 15 சதவீதம்னு மந்திரம் மாதிரி சொல்றாங்க, ஐரோப்பாவுல 5ல இருந்து 7 சதவீதத்துலயே கேரவன் இழுக்கறாங்க. ஜெர்மனியில டிரெய்லர் இழுத்தா பொதுவா 80தான் லிமிட், அனுமதி வாங்கினா 100, வேகம் கட்டுக்குள்ள இருந்தா கம்மியான முன்பாரமும் தாங்கும். எந்த வேகத்துக்கு, எந்த வண்டிக்குன்னு கேக்காம நம்பரை மட்டும் புடிச்சுக்கறதும் ஒரு மூடநம்பிக்கைதான்னு நான் உறுதியா நினைக்கறேன். இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல கேரவன் ஆட்டத்தையே எடுத்து உக்காந்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, லீவுக்குப் போற வண்டிதானேன்னு ஒதுக்கல. நம்ம ஊர்ல கரும்பு ஏத்திட்டு டிராக்டர் டிரெய்லர் ராத்திரில ஹைவேஸ்ல போகுது, அதோட பாரத்தை அளந்து ஆராய ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கு நிதி கொடுத்தா உயிர்கள் மிஞ்சும்.

ஆஃப்ரோடு ஆட்களுக்கு மட்டும் தனியா ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து மோவாப் மாதிரி இடத்துல பாறைலயும் மணல்லயும் போக டயர் காத்தை 20 பிஎஸ்ஐ, அதுக்கும் கீழனு இறக்குவாங்க, அது சரிதான், டயர் படியும், உள்ள இருக்கற சாமான் குலுங்காது. ஆனா காத்து இறங்கின டயரோட பக்கச்சுவர் தளர்ந்து போகுது, பக்கவாட்டுல தள்ற சக்தி குறையுது, அதாவது நான் மேல சொன்ன ஸ்பிரிங், பிரேக் ரெண்டுமே ஒரே நேரத்துல பலவீனமாகுது. அப்படியே 191ம் நம்பர் ஹைவேல ஏறி வேகம் எடுத்தா காலையில நேரா வந்த அதே டிரெய்லர் சாயங்காலம் ஆடும். தார் ரோட்டைத் தொடறதுக்கு முன்னாடி கம்ப்ரசரை எடுத்து காத்து அடிச்சிடுங்க, ப்ளீஸ்.

ஆட ஆரம்பிச்சிடுச்சுன்னா ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சு சரி பண்ணப் பாக்காதீங்க. ஒரு முழு ஆட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு நொடிதான் ஆகும், நம்ம கை அதுக்குள்ள லேட்டாத்தான் திரும்பும், லேட்டா கொடுக்கற திருப்பம் ஆட்டத்தை வளத்துவிடும். ஸ்டீயரிங்கை நேரா புடிச்சுட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, டிரெய்லர்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்தா அதை மட்டும் கையால கொடுங்க.

கடைசியா வாசகரோட ஸ்டெப்னி. டங் வெயிட்டை வீட்டு எடை மெஷின்லயே பாத்துடலாம், ஆனா ரெண்டு கோடியிலயும் பாரம் வச்சு சமன் பண்ணினா மெஷின் சரியான நம்பர்தான் காட்டும், டிரெய்லர் மட்டும் ஆடும். ஏன்னா திரும்பறதை எதிர்க்கற நிலைமம் தூரத்தோட வர்க்கத்துல கூடும், 20 கிலோ ஸ்டெப்னி எடை மையத்துல இருந்து அரை மீட்டர்ல இருக்கறதை விட ஒன்றரை மீட்டர்ல இருந்தா ஒம்போது மடங்கு, ஒருமுறை வீச ஆரம்பிச்சா நிறுத்தறதும் அவ்ளோ கஷ்டம். அதனால பின்கதவுல மாட்டாதீங்க, ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஃபிரேமுக்கு அடியில இடம் இருந்தா அங்க, இல்லன்னா டங் மேல பெட்டியை ஒட்டி. பேட்டரி முன்சுவரோரமா. தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ, அப்பதான் தண்ணி தீர்ந்தாலும் கணக்கு பெருசா மாறாது. கிச்சன் வரைக்கும் ஒரு பைப் இழுத்தா போச்சு.