பொறிச்செங்கலம்: ‘டெரா சிகில்லாட்டா’வுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

என் மேசையில் அரக்குச் சிவப்பில் ஒரு சின்னக் கோப்பை இருக்கிறது. புனலை நறுக்கி வைத்தது போல நேராகச் சரிந்து விரியும் வாய், கீழே ஒரு வளைய அடி. கண்ணாடிப் பளபளப்பு இல்லை. எண்ணெய் தேய்த்துத் துடைத்த கல்லின் மினுமினுப்பு. கவிழ்த்துப் பார்த்தால் அடிவளையத்துக்குப் பக்கத்தில் மூன்று இடங்களில் நிறம் ஏறவில்லை. விரல் பட்ட இடங்கள் அவை. வனைந்தவர் அடியைப் பிடித்துக்கொண்டு செங்குழம்பில் தலைகீழாக முக்கி எடுத்திருக்கிறார். ரோமானியக் காலத்து மண்கல ஓடுகளிலும் அடிவளையத்தை ஒட்டி இப்படி விரல் தடங்கள் கிடைக்கின்றன. ஆனால் இது பழையது அல்ல. இந்தக் காலத்துக் குயவர் ஒருவர் அந்தப் பழைய முறையிலேயே கையால் செய்தது.

கூடவே வந்த சீட்டில் ‘டெரா சிகில்லாட்டா, ரெப்ளிகா’ என்று எழுதியிருந்தது. ரோமானியர்களின் மினுமினுக்கும் சிவப்பு மண்கலங்களுக்கு இன்று வழங்கும் பெயர் ‘டெரா சிகில்லாட்டா’; ‘ரெப்ளிகா’ என்றால் பழையதைப் போலவே மறுபடி செய்தது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், தமிழில் ‘முத்திரையிட்ட மண், போலி’ என்று எழுதலாமா என்று கேட்டார். அகராதியைப் பார்த்தால் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. கோப்பையைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. இரண்டு சொற்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

லத்தீனில் ‘டெரா’ என்றால் மண். ‘சிகில்லும்’ என்பது ‘சிக்னும்’ என்ற சொல்லின் குறுமை வடிவம். சிக்னும் என்றால் அடையாளம், உருவம். சிகில்லும் என்றால் சிற்றுருவம், முத்திரையில் செதுக்கிய சின்னப் படம், அப்புறம் அந்த முத்திரையே. கடைக்குச் ‘சீல் வைத்தார்கள்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தச் ‘சீல்’ இந்தச் சிகில்லும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்த வடிவம்தான். ஆக, ‘சிகில்லாட்டா’ என்றால் சிற்றுருவங்கள் பதித்தது என்றும் கொள்ளலாம், முத்திரை குத்தியது என்றும் கொள்ளலாம். இந்த இரட்டைப் பொருளைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ரோமானியர்கள் தங்கள் சிவப்புக் கலங்களை இந்தப் பெயரால் அழைக்கவில்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் காலத்துச் சாப்பாட்டு மேசைக் கலங்களைப் பற்றி எழுதும்போது சாமோஸ் தீவின் பெயரைச் சொல்கிறார். இத்தாலியின் அர்ரேட்டியத்தையும் சேர்த்துக்கொள்கிறார். பிரிட்டனில் இன்றும் இவற்றைச் ‘சாமியன்’ கலம் என்பார்கள். ஆனால் அங்கே தோண்டி எடுத்தவற்றில் பெரும்பாலானவை கௌல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில் செய்தவை.

‘டெரா சிகில்லாட்டா’ முதலில் ஒரு மருந்தின் பெயர். ஏஜியன் கடலில் லெம்னோஸ் என்றொரு தீவு. அங்கே எடுத்த ஒருவகைச் செம்மண்ணைக் கழுவி, வில்லையாக்கி, மேலே முத்திரை குத்தி விற்றார்கள். விஷமுறிவுக்கு நல்லது என்று நம்பினார்கள். இரண்டாம் நூற்றாண்டு மருத்துவரான கேலன், அது செய்யப்படுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றே அந்தத் தீவுக்குப் போனார். போலி மண் கலக்காமல் இருக்கத்தான் முத்திரை. பல நூற்றாண்டுகள் கழித்து, பழம்பொருள் ஆய்வாளர்கள் அந்த மருந்துப் பெயரைத் தூக்கிச் சிவப்புக் கலங்களுக்கு வைத்துவிட்டார்கள். நல்ல நிறமும் முத்திரையும் இரண்டிலும் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

குயவர்கள் தங்களுக்குள் என்ன பெயர் சொன்னார்கள் என்பதற்கும் சான்று உண்டு. தெற்குப் பிரான்சில், மியோ ஊருக்குப் பக்கத்தில் லா கிராஃபசாங்க் என்ற இடத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் மிகப் பெரிய குயவர் குடியிருப்பு இருந்தது. பல குயவர்கள் சேர்ந்து ஒரே சூளையை நிரப்புவார்கள். யாருடைய கலம் எத்தனை என்று, சுடாத தட்டு ஒன்றில் கீறிக் கணக்கு எழுதி, அதையும் உள்ளே வைத்துச் சுடுவார்கள். லத்தீனும் கௌலிய மொழியும் கலந்த கணக்கு. அதில் கலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன; ‘காடியூற்றும் கிண்ணம்’ என்று பொருள்படும் பெயரும் அவற்றில் ஒன்று. ஒரே சூளையில் சுமார் 30,000 கலங்கள் வரை ஏற்றியிருப்பதாக இந்தக் கணக்குகள் காட்டுகின்றன. அந்தச் சரக்கு எவ்வளவு தூரம் போனது என்றால், இத்தாலியின் பொம்பெயி நகரில் கி.பி. 79இல் எரிமலை வெடித்தபோது, இங்கிருந்து போய்ச் சேர்ந்த கிண்ணங்கள் பெட்டி பிரிக்காமலே புதைந்து கிடந்தன.

இனி செய்முறை. பெயர் வைக்க இதுதான் முக்கியம்.

இந்தக் கலத்தின் மேல்பூச்சு கண்ணாடிப் பூச்சு அல்ல, மண்தான். இரும்புச் சத்துள்ள களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து விட்டுவிட்டால் மணலும் பருக்கையும் அடியில் தங்கும். மேலே மிதப்பது மிக நுண்ணிய துகள். அதை மட்டும் வடித்து, மோர் பதத்துக்கு வைத்துக்கொண்டு, காய்ந்த பசுமண் கலத்தை ஒருமுறை முக்குவார்கள். (சுடாத பானைக்குப் ‘பசுமண் கலம்’ என்ற அருமையான பெயர் குறளிலேயே இருக்கிறது, இன்றைய மண்பாண்டப் பட்டறைகளில் ஏன் அது புழங்கவில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.) அந்த நுண்துகள்கள் தட்டையானவை, அடுக்கடுக்காகப் படிந்து தானாகவே மினுங்கும். சூளையில் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டும். காற்று தாராளமாக வர வேண்டும், புகை கலத்தைத் தொடக் கூடாது. அதற்காக, சூளைக்குள் மண்குழாய்களை நிறுத்தி நெருப்பும் புகையும் அவற்றின் வழியே போகும்படி செய்தார்கள். அப்போதுதான் இரும்பு சிவக்கும். புகை பட்டால் கறுத்துவிடும்.

இந்த ரகசியம் ஐரோப்பாவில் மறந்தே போனது. கண்ணாடிப் பூச்சாக இருக்குமோ, மெழுகாக இருக்குமோ என்று பலரும் பலவாறு தேடினார்கள். மினுக்கத்துக்குக் காரணம் மண்ணின் நுண்மைதான் என்று ஜெர்மானியரான தியோடோர் ஷூமன் 1942இல் விளக்கி எழுதினார். அதற்கப்புறம் பெயர் இன்னொரு தடவை நகர்ந்தது. இன்று மண்பாண்டப் பட்டறைகளில் ‘டெரா சிக்’ என்றால் கலம் அல்ல, அந்த நுண்குழம்பு. வெள்ளையாகவோ கறுப்பாகவோகூட இருக்கலாம்.

அதனால் தமிழில் ஒரே பெயர் போதாது. குழம்புக்குத் ‘தெளிகுழம்பு’ என்று வைக்கலாம். தெளிய வைத்து எடுப்பது என்பதால் பெயரிலேயே செய்முறை வந்துவிடுகிறது. கலத்துக்கு என்ன பெயர்?

‘முத்திரை மண்’ என்றால் லெம்னோஸ் மருந்துக்குச் சரி, கோப்பைக்குச் சரியில்லை. தமிழில் எழுதுபவர்கள் பலர் ‘அரிட்டைன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இந்தச் சிவப்பு ஓடுகள் கிடைத்தன. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க அவர் பிடித்துக்கொண்ட கொம்பு அவைதான். அப்போதிருந்து அந்தப் பெயர் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அது ஊர்ப்பெயர். அர்ரேட்டியத்தில், அதாவது இன்றைய அரெட்ஸோவில் செய்ததுதான் அரிட்டைன். கௌலியக் கோப்பையை அப்படிச் சொல்வது, எந்த ஊர்ப் பட்டையும் காஞ்சிப்பட்டு என்று சொல்வது மாதிரி.

என் பரிந்துரை ‘பொறிச்செங்கலம்’. ‘பொறி’ முத்திரைக்கான பழைய தமிழ்ச் சொல். புகார்த் துறைமுகத்தில் வந்து இறங்கிய பண்டங்கள் மீது சோழனின் புலியைப் பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதிலும் பாருங்கள், பொறி என்பது உருவத்தையும் குறிக்கும், அதைக் குத்திய முத்திரையையும் குறிக்கும். சிகில்லும் என்ற லத்தீன் சொல்லின் இரட்டைப் பொருள் அப்படியே இங்கே உட்கார்ந்துகொள்கிறது. பூவேலை, வேட்டைக் காட்சி எல்லாம் புடைப்பாக வைத்த கிண்ணத்துக்கும் அது பொருந்தும். உள்ளடியில் குயவர் பெயர் மட்டும் குத்திய வெறும் கோப்பைக்கும் பொருந்தும். பொறி என்றால் இயந்திரமல்லவா என்று கேட்கலாம். ‘செங்கலம்’ பக்கத்தில் வந்ததும் அந்தக் குழப்பம் போய்விடும்.

கோப்பை என்ற சொல்லையும் விட வேண்டியதில்லை. அது போர்த்துகீசியக் ‘கோப்போ’விலிருந்து வந்தது, அதன் வேர் லத்தீன் ‘குப்பா’. ரோமானியக் குடிகலத்துக்கு இதைவிட உரிமையுள்ள பெயர் எது?

சரி, ‘ரெப்ளிகா’வுக்கு வருவோம். லத்தீன் ‘ரெப்ளிக்காரே’ என்றால் பின்னால் மடித்தல். அதிலிருந்து திரும்பச் செய்தல் என்ற பொருள் வந்தது. இத்தாலியில் ஓவியர் தானே வரைந்த படத்தைத் தானே மறுபடி வரைந்தால் அதற்கு ரெப்ளிகா என்று பெயர். பிறகுதான் யார் செய்த படிக்கும் அந்தப் பெயர் பரவியது. ஏமாற்றும் எண்ணம் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. ‘போலி’யில் அது இருக்கிறது. என் கோப்பையின் உள்ளடியில் ரோமானியக் குயவர் பெயர் இல்லை. செய்தவர் தன் சொந்த அடையாளத்தைக் குத்தியிருக்கிறார். அதைப் போலி என்றால் அவருடைய நேர்மையின் மேலேயே கை வைப்பதாகும்.

‘நகல்’ என்றால்? அதுவும் ஒட்டவில்லை. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கிண்ணத்தின் மேல் நேரடியாக அச்சு எடுத்து, அந்த அச்சில் புதுக் கிண்ணம் செய்தால், அது சிறுத்துத்தான் வெளியே வரும். பழைய அளவு வேண்டுமென்றால் அச்சையே பெரிதாக, புதிதாக உருவாக்க வேண்டும். சின்னச் சின்ன உருவ முத்திரைகளைச் செதுக்கி, அச்சுக் கிண்ணத்தின் உள்சுவரில் ஒவ்வொன்றாக அழுத்தி, அச்சைச் சுட்டு, அதைச் சக்கரத்தில் வைத்து உள்ளே மண்ணை ஏற்றி வனைய வேண்டும். மண் காய்ந்து சுருங்கும்போது கிண்ணம் அச்சை விட்டுத் தானே கழன்று வரும். ரோமானியக் குயவர் செய்த அத்தனை வேலையும் இதில் மறுபடி நடக்கிறது. நகல் எடுக்கிற வேலை இல்லை இது.

மண்கலத்துக்கென்றே நம்மிடம் ஒரு வினை இருக்கிறது: வனைதல். பானையை, சட்டியைச் ‘செய்கிறோம்’ என்பதைவிட ‘வனைகிறோம்’ என்பதே பொருத்தம். அதனால் ‘மறுவனைவு’ என்கிறேன். கையால் திரும்ப வனைந்தது என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த அருங்காட்சியகப் படிகளுக்கு இந்தப் பெயர் வேண்டாம். அவை வார்ப்புப் படிகள்.

நண்பரிடம் பழைய சீட்டை வாங்கி, பின்பக்கம் இப்படி எழுதிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்: ‘கௌலியப் பொறிச்செங்கலக் கோப்பை, மறுவனைவு, தெளிகுழம்பில் முக்கிச் சுட்டது.’