கல்யாணமாகி எட்டாம் மாதம் பிறந்த குழந்தை

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், சேலத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) "குழந்தைக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கணும் மேடம்" என்றார். கல்யாணமாகி எட்டாம் மாதமே பிறந்துவிட்டதாம், அப்பா ஜாடையும் இல்லையாம். மாதக்கணக்கை ஆரம்பித்துவைத்தவர் அவருடைய சித்தி. இப்போது தெருவே விரல் மடக்கி எண்ணுகிறது.

இந்தப் பேச்சு அரண்மனையையும் விட்டதில்லை. 1688 ஜூன் 10 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சுக்கு ஆண் வாரிசு பிறந்தபோது, பிரசவ அறையில் அரசவையினர் பலர் இருந்தார்கள். ஆனாலும், வேறு யாருடைய குழந்தையையோ படுக்கையைச் சூடாக்கும் பாத்திரத்தில் ஒளித்து உள்ளே கொண்டுவந்ததாக வதந்தி பரவியது. கத்தோலிக்க வாரிசு வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு அது வசதியாகப் போனது. அக்டோபரில் நாற்பது பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள், பேச்சு அடங்கவில்லை. டிசம்பரில் ராணி கைக்குழந்தையோடு பிரான்சுக்குத் தப்பிப் போனார். அந்தப் பிள்ளை 1766இல் ரோமில் இறக்கும்வரை அரியணை ஏறவே இல்லை.

நம் சட்டம் குழந்தையின் பக்கம் நிற்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 116. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போது எந்த மாதம் பிறந்தாலும் குழந்தை கணவருடையதுதான். திருமண பந்தம் அறுந்தபின் 280 நாளுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதிருந்தால், அப்படித்தான். பலரும் குழம்பும் அந்த 280 நாள் கணக்கு, கல்யாண நாளிலிருந்து அல்ல, கணவர் இறந்தோ விவாகரத்தாகியோ பந்தம் அறுந்த நாளிலிருந்து. மறுக்க வேண்டுமானால், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் தம்பதி சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இவர்கள் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஜாடையும் சந்தேகமும் அங்கே எடுபடாது. குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனையைச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கான வழக்குகள் உண்டு, இது அந்த வகை இல்லை.

சரி, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று கேட்டேன். பையிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை. 34 வாரம், எடை 1.9 கிலோ. குறைமாதப் பிரசவம். அந்த வரியை விரலால் காட்டிப் படித்துச் சொன்னேன். இந்த வாரக்கணக்கே கடைசி மாதவிலக்கிலிருந்து, அதாவது கரு உண்டாவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே, தொடங்குவது என்பதையும் விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

"பேர் வச்சாச்சா தம்பி?"

"தள்ளிக்கிட்டே போகுது மேடம்."

ஒரு வருடத்துக்குள் பதிந்தால் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.