நீலகிரிப் புல்வெளியைக் காக்கும் உறைபனி

"ஊட்டிப் பக்கம் அவ்வளவு புல்வெளி சும்மா கிடக்கிறதே, மரம் நட்டால் புவி வெப்பமாதலுக்கு நல்லதுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நடக்கூடாது. அது காடு அழிந்து உண்டான பொட்டல் இல்லை. நீலகிரிச் சதுப்பு மண்ணில் புல்லும் மரமும் வேறுவேறு விகிதத்தில் விட்டுச்செல்லும் கார்பன் ஐசோடோப்புகளை (எடை மாறுபடும் கார்பன் அணுக்களை) ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்லின் ஆட்சிதான்.

பள்ளத்தில் சோலைக்காடு (குட்டை மரங்கள் அடர்ந்த பசுமைமாறாக் காடு), மேட்டில் புல் என்று கோடு கிழித்ததுபோல் பிரிந்திருக்க நெருப்பு, மேய்ச்சல், மண் எல்லாம் காரணம். எனக்குப் பிடித்தது உறைபனி. மேகமில்லாத சனவரி இரவில் அவலாஞ்சிப் புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கும். அதனால் காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சோலைக்குள்ளோ மரக்கூரை போர்வையாக நின்று வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

புல்லின் வளர்முனை தூரோடு தாழ்ந்து, காய்ந்த தாள்களுக்குள் பத்திரமாக இருக்கும். சோலை மரக்கன்றின் குருத்துக்கு அந்த மறைவு கிடையாது. இலையில் செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறையும். அந்தப் பனித்துணுக்கு செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்ளும். செல் வற்றிச் சுருங்கிவிடும். ஆக, கன்று குளிரில் சாகிறது என்பதைவிடத் தாகத்தில் சாகிறது என்பதே சரி. தப்பிப் பிழைத்ததைக் காலை வெயில் விடாது: குளிரில் முடங்கிய இலை வாங்கும் ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகும்.

இரவுகள் சூடாகிப் பனி குறைந்தால் இந்தக் காவல் தளரும். உள்ளே நுழைவது சோலை மரம் மட்டுமல்ல. வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் காத்திருக்கிறது. புல்லை நம்பியிருக்கும் வரையாட்டுக்கோ இதற்கு மேல் ஏற மலையே இல்லை.

தமிழக அரசு 2022-இல் வரையாட்டுத் திட்டத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. புல்வெளி மீட்பும் அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் சீகையை வெட்டுவதோடு வேலை முடியாது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். மரம் நடும் விழாவுக்கு எளிதாகப் பணம் தரும் நாம், வருடா வருடம் அந்த நாற்றைப் பிடுங்கும் ஆட்களின் கூலிக்கும், புல்நுனி வெப்பத்தை இரவிரவாக அளக்கும் கருவிகளுக்கும் அல்லவா முதலில் தரவேண்டும்?